கிணற்றில் தொங்கிய ராசா

வெள்ளம் வடிந்து இரண்டு மாதமாகியும் ஆற்றங்கரைச் சந்தைக்கு ஈ காக்கைகூட வரவில்லை.

முள்ளம்பன்றி கிழங்கைக் குவித்து வைத்தது. நீர்நாய் மீனைப் பரப்பி வைத்தது. வாங்கத்தான் ஆளில்லை. அக்கரை விலங்குகள் வெள்ளக் காலத்தில் மேட்டுக்காட்டுச் சந்தைக்குப் போய்ப் பழகிவிட்டன. இப்படியே போனால் எல்லோரும் காட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். முயல்கள் இப்போதே மூட்டை கட்டிவிட்டன.

சடையன் என்ற கரடி முன்பெல்லாம் அந்தச் சந்தையில் ஒரு ராசா கதையை வாரம் ஒரு துண்டாகக் கூத்துக் கட்டும். வெள்ளம் அதன் கிரீடத்தையும் மத்தளத்தையும் கொண்டுபோய்விட்டது. இப்போது நாள் முழுக்க மண் சுமந்து கடைகளுக்கு மேடு போட்டது. முட்டி வலித்தது. எங்காவது படுத்தால் போதும் என்றிருந்தது.

ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்த அக்கரை மான் கரடியைக் கண்டதும் ஓடி வந்தது.

"சடையண்ணே! கெணத்துல தொங்கிக்கிட்டிருந்த ராசா என்ன ஆனாரு?"

வெள்ளம் வந்த வாரம் கூத்து அந்த இடத்தில்தான் நின்றிருந்தது.

"நானே மறந்துட்டேன் தாயி!"

"நாங்க மறக்கலையே! எங்க வீட்டுல தினமும் அதே பேச்சுத்தான்!"

சந்தைத் தலைவரான நரி காதைத் தூக்கியது. "அண்ணே, அடுத்த சந்தைக்கு வேஷம் கட்டுங்க!"

"மண்ணும் நானே சுமக்கணும், ராசாவும் நானே ஆகணுமா?" என்று கரடி சீறியது. ஆனால் முயல்களின் மூட்டை கண்ணில் பட்டது. போய்க் கோரைப்புல்லில் கிரீடம் முடைந்தது. ஓட்டைக் குடத்தை மத்தளமாக்கியது.

அக்கரையிலிருந்து கூட்டம் வந்தது. ராசாவின் கை வழுக்கும் இடத்தில் கரடி வழக்கம்போலக் கதையை நிறுத்தியது. அடுத்த வாரம் இன்னும் கூட்டம். கூத்துப் பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்களா? மீன் விற்றது, கிழங்கு விற்றது. முயல்கள் மூட்டையைப் பிரித்தன.

நரிக்கு ஆசை தலைக்கேறியது. "எதுக்கண்ணே வாரத்துக்கு ஒரு துண்டு? மொத்தத்தையும் ஒரே நாள்ல ஆடிடுங்க! காடே திரளும்!"

அது தப்பு என்று கரடிக்குத் தெரியும். ஆனால் கதை முடிந்தால் தூங்கலாமே! சரி என்றது.

காடே திரண்டது. ராசா கரையேறினார், ஊர் திரும்பினார், சுபம். கடைகளில் மிச்சம் மீதி எதுவும் இல்லை. நரி குதித்தது.

மறுவாரம் சந்தை வெறிச்சோடியது. அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். முயல்கள் மறுபடி மூட்டை கட்டின.

நரி ஓடிப்போய்க் கரடியை உலுக்கியது. "எழுந்திருங்கண்ணே! வேற கதை ஆடுங்க!"

"யாருக்கு ஆட? உனக்கா?"

அப்போது மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தது ஓர் ஆமை. "ராசா கூத்துப் பாக்க ரெண்டு வாரமா நடந்து வர்றேன். ஆரம்பிச்சாச்சா?"

கரடிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. உடம்பு மாட்டேன் என்றது. ஆனாலும் எழுந்தது.

"ராசா கரையேறிட்டாரு, ஆமையக்கா. ஆனா கயிறு போட்டுத் தூக்கிவிட்டது யாருன்னு திரும்பிப் பாத்தாரு பாருங்க..."

"யாரு? யாரு?"

"அடுத்த சந்தையில சொல்றேன்."

"இதைத் தங்கச்சிகிட்ட சொல்லாம எப்படி இருக்கறது!" என்று புலம்பிக்கொண்டே ஆமை திரும்பி நடந்தது.

"ஆமை போய்ச் சொல்லியா ஆள் வரும்?" என்று நரி தலையில் அடித்துக்கொண்டது.

ஆனால் அந்தப் பாதையில் போகிற எல்லோரும் ஆமையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிய ஒவ்வொருவரையும் ஆமை நிறுத்திக் கேட்டது: "கயிறு போட்டது யாரா இருக்கும்?"

அடுத்த சந்தைக்குக் கரை கொள்ளாத கூட்டம். கரடி நொண்டிக்கொண்டே கிரீடத்தைக் கட்டியது. நரி காலில் விழாத குறையாகக் கெஞ்சியது: "அண்ணே, தயவுசெஞ்சு முடிச்சுடாதீங்க!"

"அப்ப என் தூக்கம் போச்சு," என்று முனகிய கரடி, கயிறு போட்டவள் முக்காட்டை விலக்கும் இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, மண் மேட்டில் சாய்ந்தது. கீழே முயல்கள் கடை விரித்துக்கொண்டிருந்தன.

ஊரைப் பிழைக்க வைக்கும் கலையை ஒரே நாளில் பிழிந்து குடித்தால், மறுநாளைக்குச் சக்கைதான் மிஞ்சும்.