தேவகியின் முகத்து வெளிச்சம்

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சும்மா எழுந்து போக முடியாது. முடிவில் நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

கும்பகோணத்தில் மாசிலாமணி என்றொரு ஓவியர். பஜனை மடத்துக்காக, கண்ணன் பிறந்த இரவை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். சிறைக்குள் விளக்கு கிடையாது. வசுதேவர் கூடையைத் தூக்கிக்கொண்டு கதவருகே நிற்கிறார். வெளிச்சமெல்லாம் கூடையில் கிடக்கும் குழந்தையிடமிருந்தே வருகிறது. அது தேவகியின் முகத்திலும், கூடையை நோக்கி நீண்ட அவள் விரல்களிலும் விழுகிறது. தேவகியாக உட்கார்ந்தவள் ஓவியரின் மனைவி செங்கமலம். கண்ணனாகக் கிடந்தவன், தவமாய்த் தவமிருந்து அவர்கள் பெற்ற மகன்.

படம் முடியும் தறுவாயில் குழந்தை மாந்தம் கண்டு இறந்துபோனான். அந்த வீடு பட்ட பாட்டைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஊரார் பாக்குற எடத்துல எம்புள்ள மொகம் வேண்டாங்க. அழிச்சிடுங்க" என்றாள் செங்கமலம். சரியென்று தலையாட்டினார் மாசிலாமணி. ஆனால் கண்ணன் முகம் நன்றாகத் தெரியும்படி தருவதாக, மடத்துத் தர்மகர்த்தா சாரங்கபாணி நாயுடுவுக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். இருதலைக் கொள்ளி எறும்பின் கதைதான். சுரண்டி எடுக்க அவருக்குக் கை வரவில்லை. பிள்ளையின் மேல் ஒரு சால்வையைத் தீட்டி மூடிவிட்டார்.

நாயுடு வந்து பார்த்தார். "சாமி எங்கய்யா? வர்றவங்க வெறுங்கூடையவா கும்பிடுவாங்க? சால்வைய எடுத்துடுங்க."

செங்கமலமும் பார்த்தாள். அவளுக்கு வேறு குறை இருந்தது.

"புள்ளைதான் போயிட்டானே. இன்னும் எம்மொகத்துல வெளிச்சம் எதுக்குங்க? அதையும் எடுத்துடுங்க."

மாசிலாமணியால் இரண்டும் முடியவில்லை. மகனென்று அவருக்கு மிச்சமிருந்ததே அந்த வெளிச்சம்தான்.

சாமியைக் கேட்கிறார் நாயுடு. இருட்டைக் கேட்கிறாள் பெற்றவள். மூடவும் செய்து, அழிக்கவும் மனமில்லாமல் தூரிகையோடு நிற்கிறார் தகப்பன். இவர்களில் யார் பக்கம் நியாயம்? மாசிலாமணி என்ன செய்வது சரி?

விடை: பெற்றவள் பக்கமே நியாயம். நாயுடு ஊருக்காகக் கேட்டார், ஓவியர் தன் ஆறுதலுக்காக வெளிச்சத்தைக் காத்தார்; முகமோ அவளுடையது. ஆனால் அவள் முகத்தைத்தான் சொன்னாள், விரல்களைச் சொல்லவில்லை. அதைப் புரிந்துகொண்ட மாசிலாமணி, சால்வையை எடுக்காமலே அவள் முகத்தை இருட்டாக்கி, விரல் நுனிகளில் மட்டும் வெளிச்சத்தை விட்டுவைத்தார். செங்கமலம் வெகுநேரம் பார்த்தாள். எதையும் எடுக்கச் சொல்லவில்லை. மறுநாள் வந்த நாயுடு, அந்த விரல்கள் நீண்ட திசையில் கூடைவரை பார்த்தார். பிறகு தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்தக் கூடையைக் கும்பிட்டார்.