அண்டாவின் பிடி

உளுந்து பொறுக்கிக்கிட்டே எழுதறேன். ஒரு கல், ஒரு வரி. எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கங்க.

ஒரு மடம். அங்கே குருவாக இருந்தது ஒரு அம்மா. சமையல்கட்டைப் பார்த்துக்கொண்டவர் நல்லசிவம். அம்மாவிடம் தீட்சை வாங்கின சீடர்.

ஒருநாள் காலையில் அவர் அம்மா முன்னால் வந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

"நேத்து சொர்ணம் சோறு வடிக்கும்போது அண்டாவோட பிடி கழண்டு போச்சும்மா. கொதிக்கிற கஞ்சி ரெண்டு கால்லயும் கொட்டிருச்சு. இனி நடக்கிறது கஷ்டம்னுட்டார் வைத்தியர்."

"கேள்விப்பட்டேன்."

"ஒரு மாசமா அந்தப் பிடி ஆடியிருக்கு. உள்ள வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியல. ஒருத்தி வாயைத் திறக்கல. நான் என்ன பூதமா?"

அவரே தொடர்ந்தார்.

"தினமும் காலையில கேக்கறேன். குறை இருந்தா சொல்லுங்க, சொல்லுங்கன்னு. ஒண்ணுமில்லண்ணேன்னு தலையை ஆட்டுறாங்க."

"ஒருத்தரும் ஒருநாளும் சொன்னதில்லையா?"

நல்லசிவம் யோசித்தார்.

"போன ஆடியில பாவாயி சொன்னா. பருப்புல மக்கின வாடை வருதுன்னு."

"என்ன செஞ்சீங்க?"

"பருப்பை மாத்திட்டேன்."

"பாவாயி?"

"இப்ப மாட்டுக் கொட்டில்ல சாணி அள்ளுறா."

சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"அது வேற காரணம்மா."

அம்மா எழுந்தார்.

"வாங்க, சமையல்கட்டு வரைக்கும் போயிட்டு வருவோம்."

உள்ளே நாலு பெண்கள் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார்கள். அடுப்பில் குழம்பு கொதித்தது. பக்கத்து அறையில் சொர்ணம் முனகுவது கேட்டது.

அம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நல்லசிவம், இந்தக் குழம்பு அண்டாவோட பிடியும் ஆடுதாம்."

"யாரு சொன்னா?" என்றார் நல்லசிவம்.

அரிவாள்மணைச் சத்தம் நின்றது.

அவர் அண்டாவைப் பார்க்கவில்லை. நாலு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலும் குனிந்திருந்தன.

அம்மா திரும்பி நடந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் முனகல் நிற்கவில்லை. நல்லசிவத்துக்கு அப்போதுதான் தன் குரலே காதில் விழுந்தது.

கதை அவ்வளவுதான்.

எங்க வீட்டு குக்கர் கைப்பிடியும் பத்து நாளா ஆடுது. சொன்னா, எங்க போட்டு உடைச்சேன்னுதான் இவரு முதல்ல கேப்பாரு. இன்னிக்கு அவரு சாப்பிட்டு முடிச்சதும் மெதுவா சொல்லிடணும்னு இருக்கேன். நாலு விசில் வந்துருச்சு, வந்து குக்கரை இறக்குன்னு அத்தை கூப்பிடறாங்க, நான் போய்