தண்ணி எங்கே?

“படிப்ப விட்டுடுறேன் மேடம்.”

செண்பகவல்லி கடிதத்தை மேஜையில் வைத்தாள்.

மேடத்துக்கு வயது முப்பத்து மூன்று. மாணவிக்கு நாற்பத்தொன்று. சிரிக்க வேண்டாம். மரபியல் துறைக்கு வந்து பார்த்தால் இதைவிட வேடிக்கையெல்லாம் உண்டு.

ஜெசிந்தா மேடம் கடிதத்தைத் தொடவில்லை.

“இன்னும் நாலு மாசம் இருந்தா முடிஞ்சிரும். என்ன அவசரம்க்கா?”

வகுப்பில் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். அறைக்குள் வந்துவிட்டால் அக்கா. அது அவர் வழக்கம்.

“நிக்க முடியல மேடம்.”

“உக்காருங்க.”

“அந்த நிக்கிறது இல்ல.”

சொல்லும்போதே அவள் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. பத்து நாளாகச் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று தன் பேரைப் பத்துத் தடவை சொல்லிப் பார்க்கிறாள். செண்பகவல்லி, செண்பகவல்லி. நாக்கு குழறுகிறதா என்று பார்க்கத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், முதல் வகுப்பில், மேடம் எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டார்.

“இதைப் படிச்சிட்டு எங்க போகப் போறீங்க?”

ஒருத்தி ஆஸ்பத்திரி என்றாள். ஒருவன் விதைக் கம்பெனி என்றான். இன்னொருவனுக்கு ஜெர்மனி. கடைசி பெஞ்சில் ஒருத்தன் போலீஸ் தடயவியல் என்றான்.

செண்பகவல்லி, “எங்க அப்பாகிட்ட” என்றாள்.

வகுப்பு சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

அப்பா சுடலைமுத்து, கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். நாற்பத்திரண்டு வயதில் நடை தள்ளாட ஆரம்பித்தது. பிறகு பேச்சு குழறியது. ஒரு சொட்டு சாராயம் தொடாத மனுஷன். சொன்னால் யார் நம்பினார்கள்? காலையில் பால் வாங்கப் போனாலும் தெரு அதையேதான் சொன்னது.

“சுடலைமுத்து தண்ணியில இருக்கான்.”

பெற்ற மகனே நம்பினான். செண்பகவல்லியின் தம்பி நயினார். “குடிகாரன் வீட்டுல எனக்குச் சோறு இறங்காது” என்று பத்தொன்பது வயதில் தூத்துக்குடிக்குப் போனவன், அப்பா செத்தபோதுதான் வந்தான். வந்தும் வாசலோடு நின்றுவிட்டுப் போனான்.

சாவதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு டாக்டர் அப்பாவிடம் ரத்தம் எடுத்தார். முடிவு வந்தபோது அப்பா இல்லை. இது மரபணு நோய் என்று எழுதியிருந்தது. பிள்ளைகளுக்கும் வரலாம், பாதிக்குப் பாதி என்றும் எழுதியிருந்தது.

அந்தக் காகிதத்தை அவள் அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

அப்பா குடிகாரர் இல்லை என்று தம்பியிடம் சொல்ல ஆசைதான். சொன்னால், உனக்கும் வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு அவளுக்குத் தைரியம் இல்லை. மூன்று வருஷமாக இல்லை. டீச்சர் வேலையை விட்டுவிட்டு இந்தப் படிப்பில் வந்து சேர்ந்தாளே, அதற்கு இருந்த தைரியம் இதற்கு இல்லை.

“சோதிச்சுப் பாத்துட்டேன் மேடம்.”

“யாரை?”

“என்னை.”



ஆய்வகக் கதவில் மேடம் தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்: ‘செருப்பையும் சொந்தத்தையும் வெளியே விடவும்.’ செருப்பைத்தான் எல்லாரும் விடுகிறார்கள்.

“எப்போ?”

“ஆயுத பூஜை அன்னைக்கு.”

“மெஷினுக்கெல்லாம் பொட்டு வச்சு ஓய்வு குடுத்த அன்னைக்கா?”

“அன்னைக்குத்தான் யாரும் வர மாட்டாங்கன்னு.”

“தனியாவா?”

“அப்பாவும் இருந்தாரு.”

மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

“ஃப்ரீசர்ல அம்பத்தேழாம் நம்பர் குழாய். அது எங்க அப்பா மேடம். அந்த டாக்டர் எடுத்த ரத்தம் நம்ம துறைக்குத்தான் வந்திருக்கு. தேதியும் ஊரும் போட்டிருந்துச்சு. கண்டுபிடிச்சிட்டேன். நோய் உள்ளவங்க எப்படி இருப்பாங்கன்னு பாக்க வகுப்புல எல்லாரும் அதைத்தானே எடுக்கிறாங்க.”

சோதனை என்ன என்று கேட்டால் பெரிய விஷயமில்லை. மரபணுவில் ஓரிடத்தில் ஒரே மூன்று எழுத்து திக்குகிறவன் பேச்சு மாதிரி திரும்பத் திரும்ப வரும். அளவோடு வந்தால் ஒன்றுமில்லை. அளவு மீறினால், நாற்பது வயதுக்கு மேல் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. அந்தத் துண்டைப் பெருக்கி, கடல்பாசி பர்பி மாதிரி ஒரு பலகையில் ஓட விடுவார்கள். நீளமான துண்டு மெல்லப் போகும், மேலேயே நின்றுவிடும். விளக்கில் வைத்துப் பார்த்தால் கோடாகத் தெரியும். மேலே கோடு இருந்தால் நோய்.

அவள் போனில் படத்தைக் காட்டினாள்.

“இது அப்பா.”

மேலே ஒரு கோடு. கீழே ஒரு கோடு.

“இது நான்.”

அவள் கோடுகளும் அங்கேயே இருந்தன. மேலே உள்ளது கொஞ்சம் மங்கல். பயப்படுகிறவளுக்கு மங்கல் போதாதா?

“நேத்து டீக்கடை முன்னால கால் தடுக்கிருச்சு மேடம். தெரிஞ்ச ஆள்தான், அப்பனுக்குத் தப்பாம பிறந்த பிள்ளைன்னான். தமாஷுக்குத்தான் சொன்னான். எனக்கு உயிரே போயிருச்சு.”

மேடம் படத்தைப் பெரிதாக்கினார். அவர் விரல் அப்பாவைத் தாண்டியது, மகளைத் தாண்டியது. பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் நின்றது.

“தண்ணி எங்கே?”

செண்பகவல்லியின் முகம் மாறிவிட்டது.

“அந்தக் கேள்வியை மட்டும் கேக்காதீங்க மேடம்.”

“தண்ணி எங்கேக்கா?”

“வைக்கல.”

இதையும் சொல்லிவிட வேண்டும். எந்தச் சோதனை வைத்தாலும் ஒரு குழாயில் யாருடைய ரத்தமும் போடாமல் வெறும் தண்ணீர் மட்டும் வைப்பார்கள். அதில் கோடு வரக் கூடாது. வந்தால் கை எங்கோ தப்புச் செய்திருக்கிறது, மொத்தமும் செல்லாது. அந்தக் குழாயின் மூடியில் எல்லாரும் ‘தண்ணி’ என்று எழுதுவார்கள். இரண்டு வருஷத்தில் செண்பகவல்லி ஒரு நாளும் எழுதியதில்லை. பக்கத்தில் இருக்கிற பெண்ணிடம் பேனாவை நீட்டிவிடுவாள். மேடம் கவனித்திருந்தார், கேட்டதில்லை.

“ஏன் வைக்கல?”

“அப்பாவையும் தண்ணியையும் பக்கத்துல பக்கத்துல வைக்கக் கை வரல மேடம்.”

மேடம் எழுந்து அவளை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார்.

“அன்னைக்கு ரத்தத்துல கலக்க எடுத்த தண்ணி மிச்சம் இருக்கா?”

“இருக்கு. ஃபிரிட்ஜ்ல என் தட்டுல.”

“எடுத்துட்டு வாங்க.”

எடுத்து வந்தாள். விரல் நீளச் சின்னக் குப்பி. பாதி மிச்சம் இருந்தது.

மேடம் புதுக் குழாய் ஒன்று எடுத்தார். அந்தத் தண்ணீரை மட்டும் விட்டார். ரத்தம் இல்லை, அப்பா இல்லை, மகள் இல்லை. மூடிவிட்டுப் பேனாவை நீட்டினார்.

“எழுதுங்க.”

“மேடம்...”

“எழுதுங்கக்கா.”

எழுதினாள். கடைசி எழுத்தில் பேனா வழுக்கியது.

மெஷின் ஓட இரண்டரை மணி நேரம். சந்தனப் பொட்டு இன்னும் அதன் நெற்றியில் காய்ந்து கிடந்தது. இருவரும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள்.

“கால் எப்பலேருந்து தடுமாறுது?”

“பத்து நாளா.”

“கோட்டைப் பாக்கிறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவள் காலுக்கும் அது தெரிந்திருக்கும் போல.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள்.

“உங்களுக்குப் பயமே வராதா மேடம்?”

“வரும்.”

“எப்போ?”

“தண்ணியில கோடு வரும்போது.”

பலகையில் ஓட விட்டு, விளக்கில் வைத்தபோது நாலு மணி ஆகிவிட்டது. மேடம் முதலில் பார்க்கவில்லை. நகர்ந்து இடம் விட்டார்.

செண்பகவல்லி குனிந்தாள்.

மேலே ஒரு கோடு. கீழே ஒரு கோடு.

“தண்ணிக்கு நோய் இருக்காக்கா?” என்று மேடம் கேட்டார்.

அவள் இன்னும் குனிந்தாள். அந்த இரண்டு கோடும் எவ்வளவு தள்ளி நிற்கும் என்று அவளுக்கு மனப்பாடம். கண்ணை மூடினாலும் வரைவாள்.

“இது அப்பா மேடம்.”

“எங்க இருக்காரு?”

“அப்பா தண்ணியில இருக்காரு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவள் காதில் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. மேடம் முதலில் அழுகை என்று நினைத்தார். அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். அப்புறம் எது என்று சொல்ல முடியவில்லை.

“அப்பா ரத்தத்தை உறிஞ்சி எடுத்த அதே பிளாஸ்டிக் முனையால இந்தக் குப்பியைத் தொட்டிருக்கீங்க. ஒரு தடவை தொட்டாப் போதும். மாத்தினீங்களா?”

“ஞாபகம் இல்ல. கை நடுங்கிட்டே இருந்துச்சு.”

“இந்தத் தண்ணியிலதானே உங்க குழாயையும் கலந்தீங்க?”

“ஆமா.”

“அப்போ உங்க குழாய்க்குள்ளயும் அப்பா வந்திருக்காரு.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்போ எனக்கு இல்லையா மேடம்?”

“தெரியாது.”

“என்ன மேடம்?”

“தெரியாதுக்கா. அன்னைக்குச் சோதிச்சது உங்களையும் இல்ல, அப்பாவையும் இல்ல. பழையபடி பாதிக்குப் பாதி.”

நோய் இருக்கிறது என்று பத்து நாள் இருந்தாயிற்று. அதுவே தேவலை என்று ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. என்ன மனசோ.

“இப்பவே இன்னொரு தடவை போட்டுப் பாத்திரலாம் மேடம். தண்ணி வைக்கேன். நானே எழுதுதேன்.”

ஆய்வகத் தட்டில் அவள் ரத்தக் குழாய் இருந்தது. மேடம் அதை எடுத்தார். சிவப்புக் குப்பைக் கூடையில் போட்டார்.

“என் ரத்தம் மேடம் அது!”

“ஆமா. அதுக்கு வாசல் வேற. மேல் மாடியில ஆலோசனை அறை இருக்கு, வியாழக்கிழமை திறப்பாங்க. முதல்ல பேசுவாங்க. பிறகுதான் ரத்தம். அப்பவும் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம். ஆனா கூட ஒரு சொந்தம் வரணும். அது விதி.”

“சொந்தத்தை வெளியே விடணும்னு எழுதியிருக்கீங்க?”

“அது இந்தக் கதவுக்கு.”

அவளுக்கு மிச்சம் இருக்கிற சொந்தம் ஒன்றுதான். அது தூத்துக்குடியில் இருக்கிறது. மேடத்துக்கும் அது தெரியும்.

அவள் மேடத்தின் அறைக்குப் போய்க் கடிதத்தை எடுத்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டினாள். கை தானாகச் சுவருக்குப் போனது. அவள் அதைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டாள்.

“எங்க போறீங்க?” மேடம் கேட்டார். முதல் வகுப்பில் கேட்ட அதே குரல்.

“முதல்ல வீட்டுக்கு. அரிசி டப்பாவுல ஒரு காகிதம் இருக்கு. பிறகு தூத்துக்குடிக்கு.”

“பயமா இருக்கா?”

“ரொம்ப. எனக்கு வந்தாலும் தாங்கிருவேன் மேடம். அவன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லணுமே.”

“என்னன்னு ஆரம்பிப்பீங்க?”

செண்பகவல்லி கொஞ்சம் யோசித்தாள்.

“அப்பா ஆயுசுக்கும் தண்ணியில இருந்தது ஆயுத பூஜை அன்னைக்கு மட்டுந்தான்டா, அதுவும் நான் ஊத்திவிட்டதுன்னு சொல்லுவேன்.”