முதல் குண்டு

"இந்தத் துப்பாக்கியில என்னமோ கோளாறு. நீதாம்மா பாத்துச் சரி பண்ணித் தரணும்" என்றார் தெய்வநாயகம்.

அவர் மலைமேல் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். வயது ஐம்பத்தெட்டு. கேட்டுக்கொண்டிருந்த லூர்தம்மாளுக்கு முப்பத்திரண்டு. அடிவாரத்தில் துப்பாக்கி பழுது பார்ப்பவள். வேட்டைக்குத் தடை வராத காலம் அது. சுடத் தெரியாதவர்கள் அவளிடம் தைரியமாகப் போய்க் கற்றுக்கொள்வார்கள். தெரிந்தவர்களுக்குத்தான் கால் எழாது.

தெய்வநாயகம் தெரிந்தவர்.

பத்து நாளைக்கு முன் ஒரு சிறுத்தையைச் சுட்டாராம். தோளுக்கு வைத்த குறி வயிற்றில் பட்டிருக்கிறது. அடிபட்ட சிறுத்தை மூன்றாம் நாள் அவர் தோட்டத்திலேயே, பழம் பறித்துக்கொண்டிருந்த வெள்ளத்தாயைக் கொன்றுவிட்டது. இன்னும் அங்கேதான் திரிகிறது.

"வெள்ளத்தாய் புருஷன் என்னை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாத் தேவலை" என்றார்.

பிறகு தான் வரைந்து வைத்திருந்த ஒரு படத்தை விரித்தார். குண்டு நேர்கோட்டில் போவதில்லை. பார்வைக் கோட்டுக்குக் கீழிருந்து கிளம்பி, அதைத் தாண்டி மேலேறி, வளைந்து மறுபடி இறங்கும். எத்தனை கஜத்தில் எத்தனை விரல் உயரம் என்று எல்லாம் குறித்திருந்தார். லூர்தம்மாள் நிதானமாகப் பார்த்தாள். ஒரு தப்பும் இல்லை என்றாள்.

"அப்ப துப்பாக்கிதான் தப்பு."

அவள் நூறு கஜம் தள்ளி ஒரு பலகையில் காகிதம் ஒட்டி, ஐந்து குண்டு சுடச் சொன்னாள்.

சுட்டார். போய்ப் பார்த்தார்கள்.

நான்கு குண்டுகள் நடுப்புள்ளியில், ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கியிருந்தன. ஒன்று மட்டும் நாலு விரல் வலப்பக்கம்.

"இது?" என்று கேட்டாள்.

"அது முதல் குண்டு. ராத்திரி குழலுக்கு எண்ணெய் போட்டு வைப்பேன். காலையில குளுந்து கிடக்கும். அதனால முதல் குண்டு எப்பவும் விலகும். நான் அதைச் சேத்துக்கறதில்ல. மத்த நாலை வச்சுத்தான் குறி சரி பண்ணுவேன்."

லூர்தம்மாள் கத்தரிக்கோலை எடுத்தாள். நான்கு ஓட்டைகள் இருந்த இடத்தை வட்டமாக வெட்டி அடுப்பில் போட்டாள். மிச்சக் காகிதத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"சிறுத்தையை எத்தனை குண்டு சுட்டீங்கய்யா?"

"ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு, காகிதத்தில் மிஞ்சியிருந்த ஒற்றை ஓட்டையைப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து ஏழு நாள், தினமும் விடிந்ததும் ஒரே ஒரு தோட்டாவோடு வரச் சொன்னாள். காட்டுக்கு எப்படி எடுத்துப்போவாரோ அப்படியே துப்பாக்கி இருக்க வேண்டும் என்றாள்.

இந்த வயதில் அரிச்சுவடியா என்று முணுமுணுத்தார். ஆனாலும் வந்தார். ஒரே காகிதம், நாளுக்கு ஒரு ஓட்டை.

நான்காம் நாள் பொறுமை போய்விட்டது. பறிப்புக்கு ஆள் வரமாட்டேன் என்கிறார்கள், சிறுத்தை நேற்று ஓடைப்பக்கம் நின்றதாம், மிச்சம் மூன்றையும் இன்றே சுட்டுவிடுகிறேன் என்று மன்றாடினார். அவள் துப்பாக்கியை உறையில் போட்டு, அவர் தோளில் மாட்டி அனுப்பிவைத்தாள்.

ஏழாம் நாள் ஏழு ஓட்டைகள். எல்லாம் புள்ளிக்கு வலப்பக்கம், ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பரவிக் கிடந்தன. அவருக்குப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. நாற்பது வருஷம் சுட்ட கை இவ்வளவுதானா என்று கேட்டார்.

"இவ்வளவுதான். இது போதும்" என்றாள்.

ஏழுக்கும் நடுவில் விரல் வைத்துப் பார்த்தாள். அதற்கேற்ப, துப்பாக்கிமேல் குறிபார்க்கப் பொருத்தியிருந்த டெலஸ்கோப்பின் திருகைத் திருப்பினாள். பிறகு ஒரு தோட்டாவை நீட்டினாள்.

"சரியா வந்திருக்கான்னு சுட்டுப் பாருங்க."

தெய்வநாயகம் குழலைத் தொட்டுப் பார்த்தார். சற்று முன் சுட்ட சூடு இன்னும் ஆறவில்லை. தோட்டாவை அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

"நாளைக்குக் காலையில சுடறேன்."

"சரிங்கய்யா. புதுக் காகிதம் ஒட்டி வைக்கறேன்."

"காகிதம் வேண்டாம்மா. ஓடைப்பக்கம் போறேன்" என்றார்.