கழுதைக்குப் பொன்னாடை

கொல்லிமங்கலம் ராஜா திருமலைக்கொழுந்துக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. அது குற்றமில்லை. எல்லாம் தெரிந்தவர் என்று நம்பி ஏகாம்பர வித்துவானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாரே, அதுதான் குற்றம். வித்துவான் பிறந்ததிலிருந்து தூரிகை பிடித்ததில்லை. ஆனால் யார் படம் வரைந்தாலும் முதலில் முகத்தைச் சுளிப்பார், அப்புறம்தான் படத்தைப் பார்ப்பார். இந்தச் சேவைக்காகக் கலாபூஷணம் என்று பட்டம் வேறு.

ராஜவீதியின் ஒரு கோடியில் அரண்மனை வாசல். மறு கோடியில் ராஜா புதிதாக ஒரு மண்டபம் கட்டினார். அதன் சுவரில் தம்முடைய பவனியை வரையும் வேலையைச் சித்திரக்காரி அங்காயிக்குக் கொடுத்தார். அந்த வேலையைத் தம் மைத்துனனுக்கு வாங்கித் தரலாம் என்றிருந்த வித்துவானுக்கு வயிறு எரிந்தது.

அங்காயி மண்டபத்துச் சன்னலில் நின்று கண்ணால் கண்டதை அப்படியே வரைந்தாள். தூரத்தில் அரண்மனை வாசல். அங்கே யானைமேல் ராஜா. பின்னால் மலை. சன்னலுக்குக் கீழே, தினமும் அங்கேயே நிற்கிற சலவைக்காரரின் கழுதை.

வேலை முடிந்ததும் ராஜாவும் சபையும் மண்டபத்தில் கூடினார்கள். படத்தை மூடியிருந்த திரை விலகியதும் வித்துவான் ஆரம்பித்தார். ராஜாவின் யானையைவிடக் கழுதை பெரிதாம். பச்சை மலைக்கு நீலம் பூசியது பைத்தியக்காரத்தனமாம். அகலமான ராஜவீதியைக் கூம்பாக்கி அரண்மனை வாசலில் கொண்டுபோய் முடித்துவிட்டாளாம். தம் யானை சிறுத்துப்போன துக்கத்தில் ராஜாவின் மீசை துடித்தது.

அங்காயி அடங்கிப் போகிற ஆள் இல்லை.

“எட்ட இருக்கிறது சின்னதாத்தான் தெரியும் சாமி. எட்டத்து மலைக்குப் பச்சை வெளிறி நீலம் ஏறும். தெருவோட ரெண்டு ஓரமும் போகப்போக நெருங்கி, ஒரு புள்ளியில மறையும். அந்தப் புள்ளி விழுற கோட்டை நான் கண்மட்டத்துலதான் போட்டிருக்கேன்.”

“கேட்டீர்களா மகாராஜா?” என்றார் வித்துவான். “தான் போட்ட கோடு மட்டம் என்று அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள்.”

பார்க்கிறவரின் கண் இருக்கும் உயரத்துக்குத்தான் சித்திரக்காரர்கள் கண்மட்டம் என்பார்கள். மட்டப்பலகை பிடிக்கிற கொத்தனாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். சபையில் இருந்தவர்களோ மட்டம் என்றால் மட்டரகம் என்று மட்டும் அறிந்த மேதாவிகள். எல்லோரும் சேர்ந்து தலையாட்டினார்கள்.

வித்துவான் எடுத்துக் கொடுக்க, ராஜா உத்தரவு போட்டார். இன்று முதல் கண்ணுக்கு எது பெரிதாகத் தெரிகிறதோ அதற்கே மரியாதை. அந்த மரியாதையை ராஜாவின் யானைக்குத் தராமல் கழுதைக்குத் தந்த அங்காயிக்குச் சாயங்காலம் வலது கட்டைவிரலை வெட்ட வேண்டும். தவறு கண்டுபிடித்த வித்துவானுக்குப் பொன்னாடை.

அங்காயி சாயம் காயாத தன் விரலைப் பார்த்தாள். இப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. அந்த விரல் போனால் தூரிகை பிடிக்க முடியாது, பிழைப்பும் போய்விடும்.

சபையில் வாயுள்ள ஆள் ஒருவர் இருந்தார். பூவராகன் என்று பெயர். ராஜாவிடம் பயமில்லாமல் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். அவர் எழுந்து, பொன்னாடையை மூலையில் போர்த்தினால் யார் பார்ப்பார்கள், வித்துவான் அரண்மனை வாசலில் போய் நிற்கட்டும், ஊரே பார்க்கட்டும் என்றார். புகழ்ச்சி என்றால் கொதிக்கிற எண்ணெயிலும் இறங்கக்கூடிய வித்துவான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீதியில் நடந்தார். வாசலில் போய் நின்று, பொன்னாடைக்குத் தோளைத் தயாராக வைத்துக்கொண்டார்.

பூவராகன் ராஜாவைச் சன்னலுக்கு அழைத்து வந்தார்.

“மகாராஜா, உத்தரவுப்படி மரியாதை செய்வதற்கு முன்னால் அளந்துவிடலாம். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். வித்துவான் தெரிகிறாரா?”

ராஜா பார்த்தார். கட்டைவிரலுக்குப் பின்னால் கலாபூஷணம் பட்டத்தோடு சேர்ந்து மறைந்துபோயிருந்தார்.

“காணோமே,” என்றார் ராஜா.

“கீழே நிற்கிற கழுதை?”

விரல் கழுதையின் ஒரு காதைக்கூட முழுதாக மறைக்கவில்லை.

“எது பெரிதாகத் தெரிகிறதோ அதற்கே மரியாதை,” என்று சொல்லிவிட்டுப் பூவராகன் கீழே இறங்கிப்போய்ப் பொன்னாடையைக் கழுதைக்குப் போர்த்திவிட்டு வந்தார். கழுதை மறுப்புச் சொல்லவில்லை. பட்டம் வாங்கியவர்களைவிட அடக்கமாகவே நின்றது.

ராஜா இன்னும் சன்னலை விட்டு நகரவில்லை. வீதியின் இரண்டு ஓரமும் வாசலில் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. அதன் பின்னால் மலை நீலமாக இருந்தது. முப்பது வருஷம் ஆண்ட ஊரை அன்றைக்குத்தான் பார்த்தார். சுவரைத் திரும்பிப் பார்த்தபோது அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. உத்தரவுகளை ரத்து செய்து, தம் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி அங்காயியின் கட்டைவிரலில் தாமே போட்டுவிட்டார்.

அதற்குள் வித்துவான் மூச்சு வாங்க ஓடிவந்தார். கழுதையின் முதுகைப் பார்த்துவிட்டு வந்த அவர் முகத்தில் அங்காயியின் கிண்ணங்களில் இல்லாத நிறமெல்லாம் வந்து போயின.

“கழுதைக்கா பொன்னாடை? நான் சொன்னதில் என்ன தவறு? என்னிடம் என்ன குறை?” என்று பூவராகனைப் பிடித்துக்கொண்டார்.

“உங்கள் குறையை நான் சொல்ல வேண்டியதே இல்லை வித்துவானே,” என்றார் பூவராகன். “அங்காயி அப்போதே சொன்னாளே, நீங்கள்தான் கோட்டைச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டீர்கள். கண் மட்டம்.”

ராஜா சிரித்த சிரிப்பில் கீழே கழுதை மிரண்டு, பொன்னாடையோடு ஓடியே போய்விட்டது.