சென்னியப்பனை எங்கிருந்து ஆரம்பிப்பது?

தொட்டிக்காட்டுப்பாளையம் எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், "இங்கதானுங்க" என்று தங்கள் காலடியைக் காட்டுவார்கள். அதற்கு மேல் கேட்டால் கேட்டவர் மீதுதான் தப்பு. அந்த ஊரில் நாச்சிமுத்து, பொங்கியண்ணன், ராக்கியப்பன் என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். ஊருக்கே யோசனை சொல்பவர்கள் இவர்கள்தான். ஊர் அப்படி இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மூவருக்கும் ஒரே கவலை. காலஞ்சென்ற மூத்த அண்ணன் மகன் சென்னியப்பனுக்கு முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. தங்கமான பையன். உட்கார் என்றால் உட்காருவான். எழுந்திரு என்று சொல்ல மறந்துவிட்டால் மறுநாளும் அங்கேயே இருப்பான். பெண் பார்க்கப் போன மூன்று வீடுகளிலும், பார்க்கச் சொன்னார்களே என்று கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டான். மூன்றும் தட்டிப்போயின. அவனுக்கு ஆசை இல்லாமல் இல்லை, பாவம். ஊரில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் போய் நின்று, முடிச்சை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்வான்.

நாலாவதாக மேக்கூர் காளியண்ணன் மகள் பாவாயியின் ஜாதகம் பொருந்தி வந்தது. போட்டோ பிடிக்கும் வழக்கமெல்லாம் வராத காலம்.

"மாப்ள எப்பிடி இருப்பாருன்னு பொண்ணூட்ல கேக்கறாங்க. ஆளை உள்ளது உள்ளபடி ஒரு தாள்ல வரைஞ்சு குடுங்க. வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கறேன்" என்றார் தரகர். குரலைத் தாழ்த்தி, "இதை விட்டா இந்த வயசுக்கு இனிமே அமையறது கஷ்டமுங்க" என்றும் சொன்னார். நாலு பெரிய தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று சித்தப்பாக்களும் சென்னியப்பனைக் கூட்டிக்கொண்டு, கோயில் சுவரில் படம் எழுதிக்கொண்டிருந்த ஓவியரிடம் போனார்கள்.

"மனுசனை வரையறதுன்னா எங்கிருந்துங்க ஆரம்பிக்கோணும்?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

ஓவியர் சாரத்தின் மேலிருந்து திரும்பாமலே சொன்னார்: "அது அவங்கவங்க கைப்பழக்கமுங்க. சிலபேரு குச்சி குச்சியா எலும்பை வெச்சுப்போட்டு மேல சதையை ஏத்துவாங்க. சிலபேரு தலையில ஆரம்பிப்பாங்க. நிழலை வெச்சு ஆரம்பிக்கறவங்க இருக்கறாங்க. காலுல ஆரம்பிச்சு மேல போறவங்களும் இருக்கறாங்க. எங்க ஆரம்பிச்சாலும் ஆளு வந்துருவான்."

"ஆளு அப்பவே வந்துட்டானுங்க. இதா, கீழதான் நிக்கறான்" என்றார் ராக்கியப்பன்.

ஓவியர் தூரிகையை எடுத்துக்கொண்டு சாரத்தின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை குச்சி. முருங்கைக் குச்சிகளை ஒடித்து வந்து, தாளின் மேல் கைக்கு இரண்டு, காலுக்கு இரண்டு, முதுகுக்கு ஒன்று என்று அடுக்கினார்கள்.

"இலையை உருவிப் போடலாமா?" என்று கேட்டார் பொங்கியண்ணன்.

"வேண்டாம். பையனுக்கு உடம்பெல்லாம் முடிதானே? இருக்கட்டும்" என்றார் நாச்சிமுத்து. "எலும்பு ஆச்சு. சதைக்குக் கறி எடுக்கலாமுன்னா, பொண்ணூடு சைவமா அசைவமான்னு தரகர் சொல்லலையே."

மூவரும் அதைக் கேட்டு வரப் போனார்கள். திரும்பி வந்தபோது எலும்புகளை ஆடு தின்று முடித்து, தாளின் கடைசி மூலையை மென்றுகொண்டிருந்தது. "நல்லவேளை, சதை வைக்கறதுக்கு முந்தித் தின்னுச்சு" என்று ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை தலை. உள்ளது உள்ளபடி என்று தரகர் சொல்லியிருந்ததால், நாச்சிமுத்து சென்னியப்பனின் தலையைக் கயிற்றால் சுற்றி அளந்து, அதே அளவுக்கு வரைந்தார். தாளை முழுதாக முகம் அடைத்துக்கொண்டது.

"காது எங்கண்ணா?" என்றார் பொங்கியண்ணன்.

"தாளுக்கு வெளியில இருக்குது."

"அப்ப உடம்பு?"

"அது கீழ வரும்."

ராக்கியப்பன் தாளைத் தூக்கிக் கீழே பார்த்தார். பாய்தான் இருந்தது. தலையை மட்டும் அனுப்பினால் பையனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பெண் வீட்டில் பயந்துவிடுவார்கள் என மூவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

புதன்கிழமை நிழல். காலை வெயிலில் சென்னியப்பனை வாசலில் நிறுத்தி, நிழல் விழுந்த இடத்தில் தாளை விரித்தார்கள். நிழல் தாளைத் தாண்டி, சாணிக்குழியைத் தாண்டி, பக்கத்துத் தோட்டம் வரை போயிருந்தது. பொங்கியண்ணன் தாளில் விழுந்த முழங்காலை மட்டும் வரைந்துவிட்டு மிச்சத்துக்காகக் காத்திருந்தார். உச்சி வேளையில் பார்த்தால் நிழல் காலடியில் ஒரு முறம் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

"அய்யோ, பையன் குறைஞ்சுட்டானே!" என்று பதறினார் நாச்சிமுத்து.

"காத்தாலிருந்து ஒண்ணுந் திங்கலை. குறையாம என்ன பண்ணுவான்?" என்ற ராக்கியப்பன் ஓடிப்போய் ஒரு குண்டான் சோறு கொண்டுவந்தார். சென்னியப்பன் நின்றபடியே சாப்பிட்டான். சாப்பிடச் சாப்பிட நிழல் நீண்டது. சாயங்காலம் எதிர்ப்பக்கம் மாட்டுக் கொட்டகையைத் தொட்டதும், "போதும் போதும், இனிச் சோறு போடாதீங்க!" என்று பொங்கியண்ணன் கத்தினார். காலை முழங்காலையும் மதியத்து உருண்டையையும் மாலைக் கால்களையும் ஒரே தாளில் வரைந்ததில், படம் மிதிபட்ட நண்டு போல இருந்தது.

மிச்சம் ஒரே ஒரு தாள். மிச்சம் ஒரே ஒரு நாள். சென்னியப்பன் அன்று ராத்திரிச் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

வியாழக்கிழமை காலில் ஆரம்பித்தார்கள். இந்த முறை ராக்கியப்பன். சென்னியப்பனை ஆட்டுக்கல்லின் மேல் நிற்கவைத்து, "வரைஞ்ச பாகத்தை அசைக்கப்படாது கண்ணு. வரையாததை எப்பிடி வேணுமின்னாலும் ஆட்டிக்க" என்று சொன்னார். விரல்கள் பத்தையும் எண்ணி எண்ணி வரைந்தார். வேட்டிக் கரை, சட்டை, சட்டைப் பட்டன் நாலு, இரண்டு கைகள் என்று ஒவ்வொன்றாக மேலே ஏறினார். மனிதர் உண்மையிலேயே நன்றாக வரைந்தார், அதை மறைப்பானேன்.

"சித்தப்பா, மூக்கு அரிக்குதுங்க" என்றான் சென்னியப்பன்.

"மூக்கு இன்னும் வரையலை. தாராளமாச் சொறிஞ்சுக்க."

"கையை வரைஞ்சுட்டீங்களே."

மூவரும் யோசித்தார்கள். கடைசியில் பொங்கியண்ணன் ஏணி போட்டு ஏறிச் சொறிந்துவிட்டார்.

தோள் முடிந்தது. கழுத்து முடிந்தது. தாளும் முடிந்தது.

ராக்கியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. "தலைக்கு எடமில்லையே அண்ணா!"

நாச்சிமுத்து படத்தில் இருந்த பட்டன்களை எண்ணிப் பார்த்தார். பிறகு, "இதுக்கு எதுக்குடா அழுவறே? தலைங்கறது எல்லாருக்கும் இருக்கறதுதானே? அதை வேற தனியா வரைஞ்சு காட்டோணுமா? பட்டன் எத்தனை பேருக்கு நாலும் இருக்குது, அதைச் சொல்லு" என்றார். வெள்ளிக்கிழமை தரகர் சுருட்டி வைத்த படத்தைப் பிரித்துப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த எட்டு நாளும் சென்னியப்பன் ஊர் எல்லையிலேயே நின்றான். ஒன்பதாம் நாள் தரகர் சிரித்த முகத்தோடு வந்தார். பெண் வீட்டில் எல்லோருக்கும் பரம திருப்தி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்ற வருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காளியண்ணன் சொந்தபந்தத்தோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். சென்னியப்பன் குளித்து, நாலு பட்டனும் போட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். காளியண்ணன் சொம்பை வாங்கவில்லை. அவனுடைய கால்விரல்களை எண்ணினார், பட்டன்களை எண்ணினார், கழுத்து வரை வந்தார். அதற்கு மேல் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்தது.

"இதென்னுங்க தம்பி?"

"தண்ணிங்க மாமா."

"அதில்லீங்க. மேல."

சென்னியப்பன் அண்ணாந்து பார்த்தான். "கூரைங்க மாமா."

காளியண்ணன் சித்தப்பாக்கள் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, இவருக்குத் தலை இருக்குதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே? தலை இல்லாத மாப்ள, எதிர்த்துப் பேசமாட்டாரு, எம்பொண்ணு நிம்மதியா இருப்பாள்னுதானே சம்மதிச்சேன்? கல்யாணத்துக்குத் தலையில கட்டற உருமால் துணிகூட வேண்டாமுன்னு நெசவுக்காரருகிட்டச் சொல்லிப்போட்டு வந்தேனே!"

சித்தப்பாக்கள் தலைகுனிந்தார்கள். "மறைக்கோணுமுன்னு இல்லீங்க. தாள் பத்தலை" என்றார் ராக்கியப்பன்.

"எத்தனை நாளா இருக்குதுங்க இது?"

"பொறந்ததுல இருந்தேங்க."

"வைத்தியம் ஏதாவது பாத்தீங்களா?"

"மாசம் ஒருக்கா முடி மட்டும் வெட்டிவிடுவோமுங்க."

சொந்தபந்தம் எழுந்துவிட்டது. வெற்றிலைத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சென்னியப்பன் சொம்போடு வாசலை மறித்து நின்றான். முப்பத்தாறு வருஷத்தில் அவன் யாரிடமும் எதுவும் கெஞ்சியதில்லை.

"மாமா, இருக்கறது நெசந்தானுங்க" என்றான். "ஆனா நான் அதை ரொம்ப உபயோகிக்கறதில்லீங்க."

காளியண்ணனுக்குள் ஏதோ இளகிவிட்டது. தட்டைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, சித்தப்பாக்களை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இத்தனை யோக்கியமா ஒத்துக்கற பையன்கிட்ட நானும் மறைக்கப்படாதுங்க. எம்பொண்ணு பாவாயிக்கும் தலை இருக்குதுங்க. அவங்கம்மா வழி. கல்யாணத்துக்கு அப்புறம் மெல்லச் சொல்லிக்கலாமுன்னு இருந்தோம்."

மூன்று சித்தப்பாக்களும் திடுக்கிட்டுப் போனார்கள். கொல்லைப்புறம் போய்க் கூடிப் பேசினார்கள். ஒரு வீட்டில் ஒரு தலை என்றால் பரவாயில்லை, இரண்டு இருந்தால் சரிப்படுமா என்று பொங்கியண்ணன் கேட்டார். கடைசியில் கட்டிக்கொள்ளப் போகிறவனையே கேட்டுவிடுவோம் என்று உள்ளே வந்து, சென்னியப்பனின் தோளில் கை வைத்து, விஷயத்தைப் பக்குவமாக எடுத்துச் சொன்னார்கள்.

சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அதுக்கென்னுங்க சித்தப்பா, இருந்துட்டுப் போகட்டும். நான் அனுசரிச்சுக்கறேன்."