கரட்டில் கலைந்த வரிசை

ராஜாக்கள் வேட்டைக்கு மட்டும் காட்டுப்பக்கம் வந்துபோன காலம் அது. மூங்கில்கரடு என்ற குன்றின் அடியில் ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். பெரியவர்களும் பிள்ளைகளும் கேளுங்கள், இது அவள் கதை.

கோடையில் காடு பற்றினால் அந்த ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு ஒருவர் கரட்டின் மேல் வரிசையாக நின்று, பச்சை இலைக்குழையால் தீயை அடிப்பார்கள். அந்த இரைச்சலில் தூரத்துக் குரல் கேட்காது. அதனால் வலப்பக்கம் நிற்பவர் சொல்வதை இடப்பக்கம் நிற்பவருக்குச் சொல்ல வேண்டும். குழை வேண்டும், தண்ணீர் வேண்டும், காற்று திரும்புகிறது, இவ்வளவுதான் செய்தி. யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. கேட்டுக்கொண்டு நின்றால் கால் வெந்துபோகும்.

அந்த வருஷம் தீ வந்தபோது சடைச்சியின் மகள் குருவம்மா பிள்ளை பெற்று வீட்டில் கிடந்தாள். முந்தின நாள்தான் பிரசவம். எழுந்து நடக்க முடியாது. மகளுக்கும் பேரனுக்கும் அந்த வரிசையை விட்டால் வேறு காவல் இல்லை. சடைச்சி கை கொப்பளிக்க அடித்தாள்.

வலப்பக்கமிருந்து ஒரு பேச்சு வந்தது. தீயை வைத்ததே குன்றுக்கு அந்தப்பக்கத்து ஊர்க்காரர்களாம். சடைச்சி அதை இடப்பக்கம் சொன்னாள். இளவட்டங்கள் குழையைப் போட்டுவிட்டுக் கம்பைத் தேடிப் போனார்கள்.

இன்னொரு பேச்சு வந்தது. ஆளில்லாத வீடுகளில் திருடர்கள் புகுந்துவிட்டார்களாம். அதையும் சொன்னாள். நகைநட்டு வைத்திருந்தவர்கள் ஓடினார்கள். பானையில் கூழைத் தவிர ஒன்றும் இல்லாதவர்களும் ஓடினார்கள், அதுதான் வேடிக்கை.

மூன்றாவது பேச்சும் வந்தது. "தெக்கால சுத்தி வந்து தீ ஊருக்குள்ள எறங்கிருச்சாம்."

கரட்டிலிருந்து பார்த்தால் ஊர்க்கூரை அத்தனையும் தெரியும். பாவி, அவள் கழுத்தைத் திருப்பவில்லை. மகள் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. இடப்பக்கம் சொன்னாள், ஓடினாள். மிச்சமிருந்த எல்லாரும் ஓடினார்கள்.

வீட்டில் தீ இல்லை. தெருவிலும் இல்லை. குருவம்மா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "வந்துட்டியாம்மா? தீ அணைஞ்சிருச்சா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

சடைச்சி அப்போதுதான் கரட்டைத் திரும்பிப் பார்த்தாள். மேலே ஒரு ஆள் இல்லை. தீ மட்டும் இறங்கி வந்துகொண்டிருந்தது.

மகளைத் தோளில் தாங்கி, பேரனை மடியில் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தாள். மகள் பிழைத்தாள். மடியை அவிழ்த்துப் பார்த்தபோது, புகை குடித்த பேரனுக்கு மூச்சு இல்லை.

ஊர் எரிந்து முடிந்தது. தெற்கே தீ என்று முதலில் சொன்னது யார் என்று ஆற்றுமணலில் விசாரித்தார்கள். ஆளாளுக்குத் தன் வலப்பக்கத்து ஆளைக் காட்டினார்கள். வரிசையின் வலக்கோடியில் நின்றவன் வெள்ளையன். "நான் எதையும் பாக்கலீங்க. தெக்கால வந்துட்டா என்ன செய்யறதுன்னு பயந்துதான் சொன்னேன்" என்று அழுதான்.

குருவம்மா தாயைப் பார்த்தாள். "நீ பாத்தியாம்மா?" என்று கேட்டாள்.

சடைச்சி கொப்பளித்திருந்த தன் கைகளைப் பார்த்தாள்.

ஆகவே, கேட்டவர்களே, கண்ணால் பாராததைப் பயத்தில் பரப்புகிறவர், தம் கையால் தீ வைத்தவருக்குச் சமம்.